ஜஹனாரா உள்ளே போக மறுத்த சாயங்காலம்

சதுரங்கப்பட்டினத்தில் போய் ஜஹனாரா வீடு எது என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள். டெய்லர் ஜஹனாரா என்றால் யோசித்துக் கை காட்டுவார்கள். ஜெயிலுக்குப் போய் வந்த டெய்லர் என்றால் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். கடை வாசலில் நின்று யாராவது அப்படிக் குசுகுசுத்தால் மிஷினை நிறுத்திவிட்டு, "ஆமா, போய் வந்தேன். அதுக்கு இன்னா இப்போ?" என்று கேட்பாள். நின்றவர்கள் பேச்சை மாற்றி, பிளவுஸுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பார்கள்.

செய்யாத குற்றத்துக்கு அவள் உள்ளே போகவில்லை. கணவர் இறந்த பிறகு கல்பாக்கம், அணுபுரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துத்தான் ஒரே மகள் ஹாதியாவை செங்கல்பட்டு காலேஜ் வரைக்கும் அனுப்பினாள். அதே தெருவில் செல்போன் கடை வைத்திருந்த அமீர் அந்தப் பெண்ணின் பின்னால் ஓராண்டு திரிந்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் அவள் படத்தை எடுத்து வேறு உடம்போடு ஒட்டிப் பத்துப் பேருக்கு அனுப்பினான். ஹாதியா காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஜஹனாரா தெருப் பெரியவர்களிடம் போனாள். பொறுமையாக இரு, பேசி முடிக்கலாம் என்றார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள், முடியவில்லை. ஒரு மத்தியானம் அவளே அவன் கடைக்குப் போனாள். அவன் சிரித்தான். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அடித்தாள். அவன் பின்னால் சாய்ந்து படிக்கட்டில் தலை மோதி விழுந்தான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்துபோனான்.

கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவளே நடந்து ஸ்டேஷனுக்குப் போனாள். பின்னாளில் செங்கல்பட்டு கோர்ட்டில் நீதிபதி கேட்டபோது, "அடிச்சேன். சாவணும்னு அடிக்கல. ஆனா செத்துட்டான். ரெண்டும் நெசம்தான்" என்றாள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கொலை அல்ல, மரணம் விளைவித்த குற்றம் என்று ஏழு வருஷம் தீர்ப்பானது.

ஆனால் அவள் கதை தீர்ப்பில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, அவளைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோன முதல் நாளில் தொடங்கியது. அது எந்த ஊர்ச் சிறை என்று அவள் இப்போதும் பெயர் சொல்ல மாட்டாள். "அங்க" என்றுதான் சொல்வாள்.

சோதனை அறையில் வளையல், கம்மல், பின்னூசி எல்லாம் கழற்றிக் கொடுத்தாள். துப்பட்டாவையும் கொடு என்றார்கள். அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச காலத்துக்கு முன்பு அங்கே ஒரு பெண் உயிரை விட்டுவிட்டாள். அதிலிருந்து நீளமான துணி எதுவும் புதிதாக வருகிறவர்களிடம் இருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அவர்கள் பக்கத்திலும் ஒரு பயம் இருந்தது. ஆனால் அறியாத வயதில் தலையில் போட்ட துணியை அந்நிய மனுஷர் எதிரில் அவள் எடுத்ததே கிடையாது. தனக்குச் சாகும் யோசனை எதுவும் இல்லை, மகள் வெளியே தனியாக இருக்கிறாள், நான் எப்படிச் சாவேன் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. ஒரு வார்டன் இழுத்தாள், இவள் தள்ளினாள்.

அந்தத் தள்ளலுக்கு, மனநிலை சரியில்லாதவள் என்று எழுதிக் கண்காணிப்பு அறையில் போட்டார்கள். தனி அறை. பாய் இல்லை, போர்வை இல்லை. மேலே கேமரா. அணைக்காத விளக்கு. சாப்பாட்டுத் தட்டு உள்ளே வரும், திரும்பிப் போகும். கொண்டுவந்த கையோடு பேச்சு வராது. அவளைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருந்தார்கள்.

சாவு என்ற நினைப்பு அவளுக்கு அங்கேதான் வந்தது. அது வந்த விதத்தைப் பிறகு அவள் பசிக்கு ஒப்பிட்டுச் சொல்வாள். முதலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பிறகு ஒரு ஓரத்தில் இருந்தது. பிறகு அது மட்டும்தான் இருந்தது. ஹாதியாவின் முகம்கூட மங்கிவிட்டது. தான் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மனு பார்க்க வந்து வரிசையில் நிற்கும் அசிங்கமாவது மிச்சம் என்று தோன்றியது. மனு என்பது சிறையில் சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பது. அந்தக் கணக்கு அவளுக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் அதில் பயங்கரம் என்பாள். பொய் நியாயமாகப் படும்.

அப்போது பகல் டியூட்டிக்கு அம்சா வந்தாள். வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. விவசாயக் குடும்பத்திலிருந்து பரீட்சை எழுதி வார்டன் வேலைக்கு வந்தவள். கம்பிக்கு வெளியே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் காக்கிச் சட்டையின் கைக்குழியைப் பிடித்து இழுத்துக் காட்டி, "நீ டெய்லராமே? இது கக்கத்துல புடிச்சிக்கினே கீது. கைய தூக்க முடியல. இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

ஜஹனாரா தலையைத் தூக்கி அந்தக் கைக்குழியைப் பார்த்தாள். பிறகு, தையலைப் பிரித்து ஒரு விரல் அளவு விடவேண்டும், துணி மிச்சம் வைத்திருக்கிறானா பார் என்றாள். அம்சா திருப்பிப் பார்த்து, இருக்கிறது என்றாள். பிரிக்கும்போது கீழிருந்து பிரி, மேலிருந்து பிரித்தால் துணி கிழியும் என்றாள் இவள். அப்படியே பேச்சு ஏரித் தண்ணீர் பற்றியும், நாற்று பற்றியும், தங்கச்சி மாப்பிள்ளை பற்றியும் போனது. எல்லாம் பேசிய பிறகு அம்சா குரலைத் தாழ்த்தாமல், ஊர் பேர் கேட்பது போலவே கேட்டாள்.

"சாவலாம்னு தோணுதா?"

சிறைக்குள் வந்த பிறகு ஜஹனாரா முதல் முறையாக அழுதாள்.

அந்தக் கேள்வி அம்சா கண்டுபிடித்தது அல்ல. வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த பயிற்சியில் ஒரு டாக்டர் சொன்னது. நேராகக் கேளுங்கள், கேட்டால் அந்த எண்ணம் வளராது, கேட்காமல் மூடி வைத்தால்தான் வளரும் என்றாராம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அம்சா தூங்கவில்லை. அன்றைக்கே சிறை டாக்டரிடம் சொல்லி, மருந்து எழுத வைத்து, ஜஹனாராவைப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருக்கும் பொது அறைக்கு மாற்ற வைத்தாள். தலையை மூட முழம் அளவில் ஒரு துண்டுக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

தண்டனை ஆனதும் ஜஹனாராவைத் தையல் பிரிவில் போட்டார்கள். மிஷின் ஓசை காதில் விழுந்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. வாய்த்துடுக்கும் திரும்பியது. குழம்பில் உப்பில்லை என்றால் சொல்வாள். தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு போய் ஆபீஸ் வாசலில் நிற்பாள். அங்கே இருந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பாய் வூட்டு வக்கீலு'.

அந்தச் சமயத்தில்தான் ஜோதிலட்சுமி என்ற பெண் அங்கே வந்தாள். மறைமலைநகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி, இருட்டியதும் வந்து இறங்குகிறவளுக்கு, புருஷன் பகலில் வீட்டுக்குள் என்ன கொண்டுவந்து வைக்கிறான் என்று தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கஞ்சாப் பொட்டலங்களைத் தேடிப் போலீஸ் வந்த நாளில் அவன் இல்லை, இவள்தான் இருந்தாள். இப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த பெண் குழந்தையை மாமியார் கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போன் போட்டால் எடுப்பதில்லை. மனு பார்க்க யாரும் வரவில்லை.

உள்ளே வந்த நாளிலிருந்து அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். கத்துவாள், சோற்றைத் தள்ளிவிடுவாள், பக்கத்தில் படுத்தவளோடு சண்டை போடுவாள். செங்கல்பட்டு கோர்ட்டில் ஜாமீன் மனு தள்ளுபடியான அன்று மட்டும் அழவில்லை. வேனிலிருந்து இறங்கி வந்து கை கால் கழுவினாள். தலை சீவிக்கொண்டாள். சண்டை போட்டவளிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த புது நைட்டியை மடித்து ஒருத்திக்குக் கொடுத்தாள். புது சோப்பை இன்னொருத்திக்குக் கொடுத்தாள். புத்தி தெளிந்துவிட்டது, இனி இந்தப் பெண் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜஹனாராவுக்கு மட்டும் அதில் சந்தோஷம் இல்லை. அந்த அமைதியை அவளுக்குத் தெரியும். அந்த வெளிச்ச அறையில் அவளும் ஒருநாள் அப்படித்தான் அமைதியாக இருந்தாள்.

நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தாள். "ஜோதி, சாவலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

அறையே அதட்டியது. வாயில் நல்ல வார்த்தை வராதா, அந்தப் பெண்ணுக்கு இல்லாததை ஏன் எடுத்துக் கொடுக்கிறாய் என்று ஆளாளுக்கு ஏசினார்கள். ஜஹனாரா திரும்பவே இல்லை. ஜோதிலட்சுமி அவளையே பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா" என்றாள். அவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னதும் ஏசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இங்கேதான் ஜஹனாராவுக்குச் சிக்கல். சொல்லாமல் தானே பார்த்துக்கொள்ளலாம் என்றால், தூக்கம் தன் கண்ணையும் மூடும். அப்போது ஏதாவது நடந்துவிட்டால்? சொன்னால் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் எங்கே போடுவார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் சொன்னாள். அன்று டியூட்டியில் அம்சா இருந்தாள். அம்சா மேலே சொல்லியாக வேண்டும், சொன்னாள். பயந்தபடியே உத்தரவு வந்தது. கண்காணிப்பு அறை.

சாயங்காலம் ஆள் எண்ணிக் கதவு பூட்டும் நேரம். வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜோதிலட்சுமியை அழைத்துப் போக இரண்டு வார்டன்கள் வந்தார்கள். ஜஹனாரா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டாள். உள்ளே போ என்றார்கள். போகவில்லை. அதட்டினார்கள். அசையவில்லை. பூட்டும் நேரத்தில் உள்ளே போக மறுப்பது சிறையில் பெரிய குற்றம். மணி அடித்தார்கள். சூப்பிரண்டு அம்மாவே இறங்கி வந்துவிட்டார்.

சூப்பிரண்டு கெட்டவர் அல்ல. முன்பு ஒருத்தி இறந்தபோது விசாரணை என்ற பெயரில் அலைக்கழிக்கப்பட்டவர். கண்காணிப்பு அறையில் கேமரா இருக்கிறது, ஆபத்தான பொருள் எதுவும் இல்லை, இந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இந்தச் சிறையில் கிடையாது என்று பொறுமையாகத்தான் சொன்னார்.

"அந்த ரூமுல நான் இருந்தேன் மேடம்," என்றாள் ஜஹனாரா. "சாவுற யோசனையே எனக்கு அங்கதான் வந்துச்சு."

"ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீயா?"

"நானே சொல்றேன். என்னையும் இவகூட வைங்க. கேமரா பாக்கும் மேடம், அது பேசுமா? அவ கைய புடிக்குமா?"

"நீ ஒரு கைதி. எனக்கு நீ ரூல்ஸ் சொல்லித் தராத."

"கைதிதான். அதனாலதான் சொல்றேன். இவள தனியா பூட்டணும்னா என் கைய இவ கையில இருந்து பிச்சி எடுத்துட்டுப் பூட்டுங்க."

வார்டன்கள் முன்னால் நகர்ந்தார்கள். அப்போது, சற்று முன் ஜஹனாராவை அதிகமாக ஏசிய அதே பெண், வரிசையிலிருந்து எழுந்து வந்து ஜோதிலட்சுமிக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். நைட்டியை வாங்கியவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வராந்தாவே உட்கார்ந்திருந்தது. கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. நடுவில் ஜோதிலட்சுமி, தனக்காக நடக்கிறது என்று நம்ப முடியாதவளாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சா டாக்டருக்குப் போன் போட்டுச் சூப்பிரண்டின் கையில் கொடுத்தாள். அந்தப் போன் வெகுநேரம் நடந்தது. டாக்டர் சொன்னது இரண்டு பக்கத்துக்கும் பாதி பாதி. ஆபத்தான பொருள் இருக்கக் கூடாது என்பது சரி. ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அதைவிடச் சரி. மருந்து உடனே தொடங்க வேண்டும். கடைசியில் ஆஸ்பத்திரிப் பிரிவில் ஒரு அறையை ஒதுக்கி, ஜோதிலட்சுமியோடு எப்போதும் இரண்டு பேர் முறை வைத்து இருக்கலாம் என்று சூப்பிரண்டு சம்மதித்தார். ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான் என்றார். ஜஹனாராவுக்கு நன்னடத்தைக்காகக் கழித்திருந்த நாட்களில் ஒரு பகுதி ரத்து. அடுத்து வரும் மனுவும் ரத்து.

வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஜஹனாரா ஜோதியின் கையை விடாமலே எழுந்தாள். மனு ரத்து என்றதும் அன்றைக்கு வரப்போகும் ஹாதியா நினைவுக்கு வந்தாள். அதை யாருக்கும் காட்டவில்லை.

அந்த அறையில் அவள் ஒன்றும் சாமியாரம்மாவாக நடந்துகொள்ளவில்லை. முதலில் அல்லாவைப் பற்றிச் சொன்னாள். ஜோதிலட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிள்ளையை நினைத்துப் பார் என்றாள், "நெனச்சிக்கினு இல்லாமத்தான் இப்டி கீறனா?" என்று அந்தப் பெண் சீறினாள். நான் உன்னிடம் காப்பாற்றச் சொல்லிக் கேட்டேனா, நீ யார் எனக்கு என்று கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஜஹனாராவும் பதிலுக்குத் திட்டினாள். இருவரும் வாய் ஓயும்வரை திட்டித் தீர்த்துவிட்டு ஒரே தட்டில் உப்புமா தின்றார்கள். அதன் பிறகு ஜஹனாரா உபதேசத்தை விட்டுவிட்டாள். காஜா போடக் கற்றுக் கொடுப்பாள். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்பாள். சில நாள் 'பரவால்ல' என்று பதில் வரும். சில நாள் 'மோசம்' என்று வரும். மோசம் என்ற நாளில் டாக்டருக்குச் சொல்லி அனுப்புவாள்.

மனு நாளன்று சதுரங்கப்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஹாதியாவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். டியூட்டி முடிந்து வந்த அம்சா, பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். உன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, இப்படி ஒரு பெண்ணுக்காக உட்கார்ந்தாள், அதுதான் காரணம் என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தேவை பிள்ளையின் குரல், மாமியார் ஊர் இன்னது என்றும் சொன்னாள். ஹாதியா வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

படம் பரவிய நாளிலிருந்து வெளியே தலை காட்டவே கூசிய பெண் அவள். முன்பின் தெரியாத ஊரில் வீடு விசாரித்துப் போய் நின்றாள். குடும்ப மானத்தை வாங்கியவள் செத்தால் சாகட்டும் என்றாள் மாமியார். கஞ்சாவைக் கொண்டுவந்து வைத்தது உங்கள் மகன்தானே என்று ஹாதியா கேட்டாள். கதவு சாத்தப்பட்டது. இவள் மாட்டுக் கொட்டகை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், யார் என்ன என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் அலுக்காமல் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் போலிருக்கவே மாமியார் கதவைத் திறந்தாள். பேசட்டும், ஆனால் நான் அவளோடு பேச மாட்டேன் என்றாள். அது போதும் என்றாள் ஹாதியா.

சிறைப் போனில் அந்த எண்ணைப் பதிவு செய்து, ஜோதிலட்சுமியை அழைத்துப் போனார்கள். அந்தப் பக்கம் குழந்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டது. அம்மா என்று சொல், சொல் என்று யாரோ பின்னால் தூண்டிக்கொண்டிருந்தார்கள். அது சொல்லவில்லை. திடீரென்று "மாடு" என்றது. போனைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடிவிட்டது. ஜோதிலட்சுமி ரிசீவரைப் பிடித்தபடி திரும்பி, "அவ மாடு பாக்கப் போய்ட்டாக்கா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே உடம்பு குலுங்கி அழுகை வந்தது. சோப்பை வாங்கியவள் அன்றைக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதன் பிறகும் மோசமான நாட்கள் இருந்தன, மாத்திரை இருந்தது. ஆனால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஜாமீன் கிடைத்து ஜோதிலட்சுமி தன் காலால் நடந்து வெளியே போனாள்.

அந்த மழைக்காலத்தில்தான் தவமணி இறந்தாள். சமையல் பிரிவில் இருந்த ஆயுள் கைதி. எல்லோரையும் சிரிக்க வைப்பவள். ஜோதிலட்சுமிக்காக முறை வைத்து உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. மகன் கல்யாணத்துக்குப் பரோல் கேட்டு, கிடைக்காமல் போய், அதையும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தாள். ஜஹனாராவும் சேர்ந்து சிரித்தாள். ஒருநாள் காலையில் தவமணி இல்லை.

ஜஹனாராவுக்கு மிஷினில் கை ஓடவில்லை. அமைதியானவளைக் கேட்டோமே, சிரிக்கிறவளைக் கேட்கவில்லையே என்று அம்சாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அம்சாவும் தவமணி கையால் டீ வாங்கிக் குடித்தவள்தான்.

மாஜிஸ்ட்ரேட் விசாரணைக்கு வந்தார். குடும்பப் பிரச்சினை, மன உளைச்சல் என்று மட்டும் சொன்னால் போதும் என்று பெண்களுக்குக் காதோடு சொல்லப்பட்டது. பெரும்பாலானோர் அப்படியே சொன்னார்கள். அவர்களுக்கும் பரோல் வேண்டும், மனு வேண்டும். ஜஹனாராவுக்கும் விடுதலை நெருங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடினால் சீக்கிரம் போகலாம். அவள் போய் நின்று, பரோல் மனு என்ன ஆனது என்று தவமணி கேட்டுக் கேட்டு யாரும் பதில் சொல்லாமல் இருந்ததைச் சொன்னாள். தூக்கம் வரவில்லை என்று டாக்டரைப் பார்க்கக் கேட்டதையும், நாளை நாளை என்று தள்ளியதையும் சொன்னாள். குடும்பப் பிரச்சினையா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"குடும்பம் வெளிய கீது சார். அவ செத்தது உள்ள. உள்ள இருந்தவங்களக் கேளுங்க. என்னையும் சேர்த்துக் கேளுங்க, நானும் கூடத்தான் இருந்தேன், எனக்கும் தெரியல."

கழிவு நாட்கள் மறுபடியும் ரத்தாகி, அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் சில மாதம் சிறையாக ஆனது. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சிறையில் ஒரு வழக்கம் வந்தது. புதிதாக வருகிறவர்களையும், கோர்ட் கை விரித்துவிடத் திரும்புகிறவர்களையும் தனியாக விடுவதில்லை. அவர்களோடு இருப்பதற்கென்று தண்டனைக் கைதிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அம்சாவுக்கு வகுப்பு எடுத்த அந்த டாக்டரை வைத்தே பயிற்சி கொடுத்தார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டது அதே சூப்பிரண்டுதான். முதல் பெயராக ஜஹனாராவை எழுதியதும் அவர்தான். அந்த வகுப்பில் யாரும் தூங்கவில்லை என்று அம்சா சொன்னாள்.

விடுதலையான பிறகு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று ஹாதியா சொன்னாள். அவள் படிப்பை முடித்து மறைமலைநகரில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜஹனாரா கேட்கவில்லை. அதே தெருவில், அதே கடையைத் திறந்தாள். திறக்கும் முன் அமீரின் தாய் வீட்டு வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த வரவில்லை, உங்கள் மகன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இதை என் வாயால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று வந்தேன், இங்கேதான் இருக்கப் போகிறேன், ஏசத் தோன்றினால் வந்து ஏசுங்கள் என்றாள். அந்தத் தாய் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அது இன்றுவரை திறக்கவில்லை. அதில் ஜஹனாராவுக்குப் புகார் இல்லை.

போன வருஷம் அம்சா போன் செய்தாள். மாமல்லபுரத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், குடித்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டி ஒருவர் மேல் மோதியதில் அவர் இறந்துவிட்டார், கூட ஆள் வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு ஜஹனாரா மாமல்லபுரத்துக்குப் போனாள்.

பெண்ணின் அப்பா ராஜாராம். வெளியூர்க்காரர்கள் தங்கும் ஒரு விடுதி வைத்திருக்கிறார். கதவைப் பாதி சாத்தி, பெயர்ப் பலகையைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். ஒரு உயிரைக் கொன்றவளை எப்படிப் போய்ப் பார்ப்பது, ஊரில் தலை காட்ட முடியவில்லை, அவள் எங்களைப் பொறுத்தவரை செத்துவிட்டாள் என்றார்.

"நானும் ஒருத்தன கொன்னவதான்," என்றாள் ஜஹனாரா. "எம் பொண்ணு வரிசையில நின்னு என்னப் பாத்தா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ பண்ணது தப்பு இல்லன்னு நான் சொல்லல. அத கோர்ட்டு பாத்துக்கும். நீங்க போய் நில்லுங்க. பேசக்கூட வேணாம், மூஞ்சிய காட்டுங்க. போன மானம் மெல்லமா திரும்பி வரும் அண்ணாத்த. பொண்ணு வராது."

அவர் வருவதாகச் சொல்லவில்லை. இவளும் கிளம்புவதாக இல்லை. திறந்த பாதிக் கதவுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டீ கொண்டுவந்து வைத்தார்கள், குடித்தாள். அவருடைய மனைவி உள்ளே அழும் சத்தம் கேட்டது. கடைசியில் ராஜாராம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவர்தான் வழி கேட்டார், எந்தப் பஸ் என்று.

மனு அறைக்குள் அவர் மட்டும் போனார். ஜஹனாரா வாசலில், வெயிலில், மற்றக் குடும்பங்களோடு நின்றாள். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் முகத்தைத் துணியால் மறைத்திருந்தார்கள். அவள் மறைக்கவில்லை. திரும்பி வந்தவரின் கண் சிவந்திருந்தது. என்ன சொன்னாள் என்று இவள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. வூட்டு நாயி சாப்புடுதான்னு கேட்டா." சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "அடுத்த வாரமும் வரலாமா?"

வரலாம் என்றாள். அடுத்த முறை மனைவியையும் கூட்டி வரச் சொன்னாள். ஆதார் அட்டையை மறக்க வேண்டாம் என்றாள்.